ஹாம்பர்க் துறைமுகம் காணச் செல்வோர்க்கு

அரண்மனையையும் ஆலயத்தையும் காணச் செல்கிற யாத்திரிகனுக்கு வழிகாட்டி ஒருவன் அகப்படாவிட்டாலும் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. கண்ணெதிரே நிற்கிற கோபுரமும் மாடமும், அவற்றைக் கட்டினவன் பெயர் தெரியாதவனுக்குங்கூடத் தம் அழகைத் தாமே எடுத்துக் காட்டிவிடும். தொழில் துறைமுகத்தின் விஷயம் வேறு. அங்கே தனியே போய் நிற்பவனுக்குத் தெரிவதெல்லாம் வானத்தை மறைத்து நிற்கும் பாரந்தூக்கிகளும், வேலியிட்ட மைதானங்களில் அடுக்கடுக்காய் ஏறி நிற்கும் இரும்புப் பெட்டகங்களும், எண்ணெய்க் கிடங்குகளின் உருண்டைத் தொட்டிகளுந்தான். அந்தப் பெட்டகம் எந்தத் தேசத்திலிருந்து வந்தது, அதற்குள் இருப்பது என்ன, அதை இறக்கிவைத்தவர் யார், அது வந்து இறங்குவதற்கு முன்னால் அந்த மண்ணில் குடியிருந்தவர் யார் என்ற கேள்விகளுக்கெல்லாம் கண் ஒன்றே விடை தந்துவிடாது. வேலிக்கு உட்புறம் நுழையவும் விடமாட்டார்கள். ஆகவே இத்தகைய நகரங்களை ஏற்பாடு செய்யப்பட்ட சுற்றுலாவில், விஷயம் அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்லக் காண்பதே முறை என்பது என் அபிப்பிராயம். அதற்கு உலகத்தில் சிறந்த உதாரணமாக விளங்குவது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம்.

ஹாம்பர்க் கடற்கரையில் உள்ள ஊர் அன்று. வட கடலிலிருந்து எல்பே நதியின் வழியாக 100 கிலோமீட்டருக்கும் மேல் உள்நாட்டுக்குள் வந்த பிறகே இந்நகரம் தென்படுகிறது. அப்படியிருந்தும் அது ஜெர்மனியின் மிகப் பெரிய துறைமுகமாக வளர்ந்ததற்குக் காரணம், ஆழ்ந்து அகன்ற நதியும், அந்நதியின் மூலமாக மத்திய ஐரோப்பாவின் உட்பிரதேசங்களுக்கெல்லாம் கிடைத்த பாதையும் ஆகும். கடலின் ஏற்றமும் வற்றமும் அவ்வளவு தூரம் ஆற்றில் ஏறி வருகின்றன. நகரத்தின் படித்துறையில் நிற்பவன் ஒரே நாளில் நீர்மட்டம் 3.5 மீட்டருக்கும் அதிகமாக உயர்வதையும் தாழ்வதையும் காணலாம். பிரெடரிக் பார்பரோஸா சக்கரவர்த்தி 1189 மே 7-ஆம் தேதி இவ்வூர் வணிகர்களுக்குச் சுங்க விலக்கு அளித்துச் சாஸனம் வழங்கினார் என்று சொல்லி, அந்தத் தேதியையே துறைமுகத்தின் பிறந்தநாளாக ஆண்டுதோறும் விமரிசையாகக் கொண்டாடுகிறார்கள். இன்று கையில் இருக்கும் அந்தச் சாஸனம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பின்னால் எழுதிவைத்துக்கொண்டது என்பது சரித்திர ஆசிரியர்கள் கண்ட முடிவு. சுங்கம் என்ற ஒன்றைச் சுற்றியே இந்நகரத்தின் வாழ்வும் தாழ்வும் அமைந்தன என்பதற்கு, அப்படி ஒரு பத்திரத்தை ஆக்கிக்கொள்ளவேண்டிய அவசியம் வணிகர்களுக்கு ஏற்பட்டதே போதுமான சாட்சி.

துறைமுகச் சுற்றுலாக்களில் பெரும்பாலானவை லாண்டுங்ஸ்ப்ரூக்கன் என்னும் மிதவை மேடையிலிருந்து புறப்படுகின்றன. ஆற்றின் மட்டத்தோடு தானும் ஏறி இறங்கும் அந்த நீண்ட மேடையில், சீட்டு விற்பவர்கள் உரத்த குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். இரண்டு மாடிகளும் உணவுச்சாலையும் கொண்ட பெரிய கப்பல்கள் ஒரு புறம். பார்க்காஸ என்று அவ்வூரார் வழங்கும் தாழ்ந்த சிறு இயந்திரப் படகுகள் மறுபுறம். வசதியை நாடிப் பெரிய கப்பலில் ஏறுகிறவர்கள் அகன்ற ஆற்றை மட்டும் பார்த்துத் திரும்புவார்கள். சிறு படகில் ஏறுகிறவர்களோ நகரத்தின் நரம்புகள் என்று சொல்லத்தக்க கால்வாய்களுக்குள்ளும் நுழைந்து வருவார்கள். மேலும் அந்தச் சிறு படகுகள் உல்லாசப் பிரயாணிகளுக்கென்று உண்டானவை அல்ல. பொழுது விடிவதற்கு முன்பே கப்பல் கட்டும் தளங்களுக்கும் சரக்குத் துறைகளுக்கும் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் ஏற்றிச் சென்று, மாலையில் கரியும் எண்ணெயும் படிந்த உடையோடு அவர்களைத் திரும்பக் கொணர்ந்த வாகனங்களின் வழிவந்தவை அவை. துறைமுகத்தில் ஆள் வேலை குறையக் குறைய, அந்தப் படகுகள் பார்வையாளர்களை ஏற்றத் தொடங்கின.

படகு முதலில் நுழையும் இடம் ஷ்பைஷர்ஷ்டாட் என்னும் கிட்டங்கி நகரம். ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாயின் இருமருங்கிலும் ஐந்தாறு மாடி உயரமுள்ள செங்கல் கட்டடங்கள், நீரிலிருந்தே முளைத்தவை போல நிற்கின்றன. சேற்று நிலத்தில் ஆயிரக்கணக்கான மரமுளைகளை அடித்து இறக்கி, அவற்றின் மேலேதான் இவ்வளவு பாரத்தையும் தாங்க வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தண்ணீரைப் பார்த்து ஒரு முகம், தெருவைப் பார்த்து ஒரு முகம். மாடிக்கு ஒன்றாக மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில் கதவுகள். அவற்றுக்கெல்லாம் உச்சியில், செம்புத் தகடு வேய்ந்த சிறு கூரையின் கீழே, கயிறும் கொக்கியும் தொங்கும் உருளை. கடலிலிருந்து வந்த சரக்கைத் தட்டைப் படகுகளில் ஏற்றிக் கால்வாய்க்குள் கொணர்ந்து, கொக்கியில் மாட்டி, வேண்டிய மாடியின் கதவுக்கு நேரே இழுத்து உள்ளே தள்ளினார்கள். படகில் அமர்ந்து நிமிர்ந்து பார்ப்பவனுக்கு அந்த முறையின் எளிமையும் சாமர்த்தியமும் ஒரு நொடியில் விளங்கிவிடும். செங்கல் சுவரின் அடிப்பாகத்தில் பாசியும் ஈரமும் ஏறிய கறுத்த பட்டை ஒன்று ஒரே மட்டமாக ஓடுவதையும் காணலாம். ஏற்றத்தில் தண்ணீர் எதுவரை வரும் என்பதற்கு அதுவே அளவுகோல். நீர் முழுதும் ஏறியிருக்கும் வேளையில் பாலங்களுக்கு அடியில் படகு நுழைய முடியாது. முழுதும் வற்றிய வேளையிலோ கால்வாயில் சேறுதான் இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் போகும்போதுகூட, சில பாலங்களின் அடியில் தலையைக் குனிந்துகொள்ளும்படி வழிகாட்டி எச்சரிப்பார்.

இந்தக் கிட்டங்கிகள் எழுந்த காரணத்தையும் அறிந்துகொள்ளவேண்டும். ஜெர்மானியச் சாம்ராஜ்யம் ஒன்றுபட்ட பிறகு, ஹாம்பர்க் தன் பழைய சுங்கச் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்து 1888-இல் பொதுச் சுங்க எல்லைக்குள் சேரவேண்டியதாயிற்று. அதற்கு ஈடாக, சரக்குகளைத் தீர்வையின்றி இறக்கவும், வைத்திருக்கவும், பதப்படுத்தவும், திரும்ப ஏற்றவும் உரிமையுள்ள சுதந்திரத் துறைமுகப் பகுதி ஒன்று அதற்கு விடப்பட்டது. அந்தப் பகுதிக்குள் கட்டப்பட்டதே இந்தக் கிட்டங்கி நகரம். அதன் முதற்பகுதியை 1888 அக்டோபர் 29-ஆம் தேதி இரண்டாம் வில்லியம் சக்கரவர்த்தி திறந்துவைத்தார். காப்பிக்கொட்டையும், தேயிலையும், மிளகும், புகையிலையும், பாரசீகக் கம்பளங்களும் இங்கே மாடி மாடியாய் நிறைந்திருந்தன. சரக்கை எடைபோட்டு, மாதிரி எடுத்து, தரம் பார்த்து, வணிகன் சார்பில் காவல் காப்பதையே குலத்தொழில் போலச் செய்துவந்த கிட்டங்கிக்காரர்களின் கூட்டங்கள் இருந்தன. காப்பி மூட்டையில் குழாய் ஊசியைக் குத்தி ஒரு பிடிக் கொட்டையை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தே அவர்கள் தரம் சொல்லிவிடுவார்கள். இந்தப் பகுதியின் பாலம் ஒன்றின் முகப்பில் கொலம்பஸின் சிலையும் வாஸ்கோ ட காமாவின் சிலையும் எதிரெதிராக நிற்கின்றன. கோழிக்கோட்டுத் துறையில் வந்திறங்கியவன் எல்பே நதிக்கரையில் நிற்பதைக் காணும் நம்மவருக்கு, அந்தக் கிட்டங்கிகளின் செல்வத்தில் நம் கரையோரத்து மிளகுக் கொடிக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் எழாமற்போகாது. 2015-இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது.

இதுவரையில் சொன்னதை எந்த வழிகாட்டியும் சொல்லுவார். இனிச் சொல்லப்போவதை எல்லாரும் சொல்லுவதில்லை. இந்தக் கிட்டங்கிகள் வெற்று நிலத்தில் எழுந்தவை அல்ல. கெர்வீடர், வாண்ட்ராம் என்ற இரண்டு பழைய குடியிருப்புகள் அங்கே இருந்தன. செல்வ வணிகர்களின் வீடுகளும் துறைமுகக் கூலிகளின் நெருக்கமான குடில்களும் அடுத்தடுத்து இருந்த இடம் அது. அவற்றை அடியோடு இடித்தபோது ஏறத்தாழ 20,000 மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பணமுள்ளவன் வேறிடத்தில் மாளிகை கட்டிக்கொண்டான். துறைமுகத்தின் பக்கத்தில் இருந்தால்தான் அன்றன்றைய கூலி கிடைக்கும் என்ற நிலையிலிருந்த ஏழையோ, ஏற்கெனவே நெரிசலான சந்துகளில் போய் ஒண்டிக்கொண்டான். சில ஆண்டுகளுக்குள்ளாகவே, 1892-இல், காலரா வந்து நகரத்தில் சுமார் 8,600 பேரை வாரிக்கொண்டு போயிற்று. வடிகட்டாத ஆற்று நீரைக் குழாயில் விட்டதே அதற்குக் காரணம். மணல் வடிகட்டி வைத்திருந்த அண்டை நகரமாகிய அல்டோனாவில் சேதம் மிகக் குறைவு. பெர்லினிலிருந்து வந்த ராபர்ட் கோக் என்னும் புகழ்பெற்ற வைத்தியர் அந்தச் சந்துகளின் நிலைமையைக் கண்டு அதிர்ந்துபோனார். வானளாவிய கிட்டங்கிகளுக்குப் பணம் இருந்த நகரத்தில் குடிநீர் வடிகட்டிக்குப் பணம் ஒதுக்குவது மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று. கிட்டங்கியின் அழகைக் காட்டி, அதன் அடியில் கிடக்கும் இந்தக் கதையையும் சொல்லுகிறவரையே நான் நல்ல வழிகாட்டி என்பேன்.

கால்வாய்களை விட்டுப் படகு மறுபடியும் ஆற்றுக்கு வரும்போது எதிர்க்கரையில் கப்பல் தளங்கள் தென்படும். 1877-இல் தொடங்கிய ப்ளோம் உண்ட் ஃபோஸ் தளத்தின் மிதக்கும் துறைகளில், பழுதுபார்க்க ஏற்றிவைத்த கப்பல் ஒன்று வயிறு தெரிய நிற்பதைப் பெரும்பாலும் காணலாம். தண்ணீரில் மிதக்கும்போது நாம் காணாத பாதிக் கப்பலும், ஆள் உயரத்தைப் போலப் பன்மடங்கு பெரிய சுழலியும் அப்போதுதான் கண்ணுக்குப் புலனாகின்றன. எல்பே 17 என்று பெயரிட்ட பள்ளத்துறை 351 மீட்டர் நீளமுள்ளது. 345 மீட்டர் நீளமுள்ள குவீன் மேரி 2 போன்ற பிரம்மாண்டமான பிரயாணக் கப்பலுங்கூட அதற்குள் அடங்கிவிடும்.

அதற்கு அப்பால் கன்டெய்னர் துறைகள். 1968 மே 31-ஆம் தேதி அமெரிக்கன் லான்சர் என்னும் கப்பல் பெட்டகங்களை மட்டுமே ஏற்றிக்கொண்டு புர்ஹார்ட்காய் துறையில் வந்து அணைந்தது. அதுவரையில் மூட்டையாகவும், பேலாகவும், பீப்பாயாகவும் மனிதர் தோளில் ஏறி இறங்கிய சரக்கு, அன்றுமுதல் ஒரே அளவான இரும்புப் பெட்டகத்துக்குள் அடங்கத் தொடங்கியது. வாரக்கணக்கில் துறையில் கிடந்த கப்பல் ஓரிரு நாளில் திரும்பிச் செல்லலாயிற்று. தோளில் சுமந்தவருடைய வேலையும் அவரோடு அந்தத் தொழிலின் கூட்டுவாழ்வும் மெல்ல மெல்ல அருகின. 2024-இல் இத்துறைமுகத்தில் ஏறி இறங்கியவை, இருபது அடிப் பெட்டகக் கணக்கில், சுமார் 78 லட்சம். இன்று 400 மீட்டர் நீளக் கப்பல்கள் இங்கே வருகின்றன. அவற்றுக்காக ஆற்றை மேலும் மேலும் ஆழப்படுத்துவதும், கடல் ஏற்றம் வண்டலைக் கொணர்ந்து மறுபடியும் தூர்ப்பதும், அதைத் தூர்வாரி எங்கே கொட்டுவது என்று அக்கம்பக்கத்து ராஜ்யங்களோடு வழக்காடுவதும் ஓயாமல் நடந்துவருகின்றன.

படகிலிருந்து பார்க்கும்போது கன்டெய்னர் துறையின் விளிம்பு மட்டுமே தெரியும். அதன் உட்புறத்தைக் காண விரும்புகிறவர்களுக்குப் பேருந்துச் சுற்றுலா உண்டு. துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச விதிகள் 2004-இல் அமலுக்கு வந்தபின், முன்கூட்டிப் பெயரைப் பதிவு செய்துகொண்டு, பாஸ்போர்ட்டோ அடையாளச் சீட்டோ கையில் வைத்திருப்பவரையே வாயிலுக்குள் விடுகிறார்கள். உள்ளே சென்றபின் வண்டியை விட்டு இறங்குவதற்கு அனுமதியில்லை. கட்டுப்பாடு அதிகந்தான், என்றாலும் பெறுகிற அனுபவம் அதற்குத் தக்கது. 2002-இல் திறக்கப்பட்ட அல்டன்வெர்டர் துறையில், கப்பலிலிருந்து இறக்கிய பெட்டகத்தை, சாரதி இல்லாத வண்டி ஒன்று தானே வந்து ஏற்றிக்கொண்டு, தரையில் பதித்த அடையாளங்களை உணர்ந்து தன் பாதையைத் தானே அறிந்து, வரும் வண்டிக்கு வழிவிட்டு நின்று, குறித்த இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் நடமாட்டமே இல்லை.

அந்தத் துறையின் ஓரத்தில், நெடுஞ்சாலைக்கும் பெட்டக மைதானத்துக்கும் நடுவே, மரங்கள் சூழ ஒரு மாதாகோவில் கோபுரம் தெரியும். புனித கெர்ட்ரூடின் பெயரால் அமைந்த ஆலயம் அது. அதைச் சுற்றி இருந்த அல்டன்வெர்டர் என்னும் மீனவர் கிராமம் இன்று இல்லை. துறைமுக விஸ்தரிப்புக்காக 1970-களில் வீடுகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கி இடித்தார்கள். விடாப்பிடியாக இருந்தவர்களும் 1990-களின் இறுதியில் வெளியேறினார்கள். ஆலயமும் அதன் கல்லறைத் தோட்டமும் மட்டும் எஞ்சின. வெளியேறிய குடும்பங்கள் வழிபாட்டுக்கும் தங்கள் முன்னோர் சமாதிக்கு மலர் வைக்கவும் இன்னும் அங்கே வருகின்றன. கெர்வீடரிலிருந்து மக்களை எழுப்பி நூறாண்டுக்குப் பின்னும் அதே கதை திரும்ப நடந்திருக்கிறது. துறைமுகம் வளர்ந்தால் வேலை கிடைக்கும், நாடு செழிக்கும் என்று சொன்னது பொய்யன்று. அந்தச் செழிப்புக்கு முதல் விலையைக் கொடுத்தவர் யார் என்பதை மறைப்பதுதான் தவறு.

இதை உணர்ந்த சிலர், 1980-களிலிருந்து, மாற்றுச் சுற்றுலா என்ற ஒன்றை நடத்திவருகிறார்கள். படகு அதே படகுதான், ஆறும் அதே ஆறுதான். சொல்லப்படும் விஷயம் வேறு. ஆற்று நீரின் மாசைப் பற்றி ஒரு பயணம், குடியேற்ற ஆட்சியின் வரலாற்றைப் பற்றி ஒரு பயணம், நாஜி காலத்தைப் பற்றி ஒரு பயணம் என்று பகுத்துக்கொண்டிருக்கிறார்கள். பாக்கன் துறையின் அருகே படகை நிறுத்தி, 1904-இல் தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் படைகள் கப்பலேறியது இந்த மேடையிலிருந்துதான் என்றும், அந்தப் படைகள் ஹெரேரோ, நாமா என்ற இரு இனத்தாரைப் பல்லாயிரக்கணக்கில் அழித்தன என்றும் சொல்லுவார்கள். டெஸ்ஸாவர் கரையில் ஜி என்ற எழுத்திட்ட பழைய கிட்டங்கி ஒன்று இன்னும் நிற்கிறது. 1944 கோடையில் ஆஷ்விட்ஸிலிருந்து கொண்டுவரப்பட்ட 1,000 யூதப் பெண்களை அதற்குள் அடைத்துவைத்து, குண்டுவீச்சில் இடிந்த எண்ணெய் ஆலைகளின் இடிபாடுகளை அகற்றும் வேலைக்கு ஓட்டிச் சென்றார்கள். பக்கத்துக் கட்டடங்களைப் போலவேதான் அதுவும் இருக்கிறது: செங்கல் சுவர், வரிசையான கதவுகள். சொல்ல ஒருவர் இல்லாவிட்டால் அதைக் கடந்து செல்லும் எவனும் ஒரு கணமும் அங்கே நிற்கமாட்டான். தன் நகரத்தின் அவமானத்தைத் தன் வாயாலேயே அன்னியருக்கு எடுத்துச் சொல்லுகிற அந்த வழிகாட்டிகளின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

நேரம் இருப்பவர்கள் ஃபெடல் தீவில் உள்ள பாலின்ஷ்டாட் காட்சிசாலைக்கும் போகலாம். ஐரோப்பாவின் வறுமைக்கும் கொடுமைக்கும் தப்பி, 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் துறைமுகத்தின் வழியாக அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலேறினார்கள். அவர்கள் காத்திருப்பதற்காகக் கப்பல் கம்பெனித் தலைவர் ஆல்பர்ட் பாலின் 1901-இல் திறந்த விடுதிகளை, பழைய இடத்திலேயே புதுக்கி 2007-இல் காட்சிசாலையாக்கியிருக்கிறார்கள். பிறந்த மண்ணை விட்டுப் பெட்டியும் படுக்கையுமாகக் கப்பலேறிய முன்னோரை உடைய தமிழர்கள் அந்தக் கூடங்களில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பலவற்றைப் புரிந்துகொள்வார்கள்.

நகரத்திலிருந்து ஆற்றின் வழியே சற்றுக் கீழே சென்றால் வேடல் என்ற ஊரில், வரும் கப்பலையும் போகும் கப்பலையும் வரவேற்று வழியனுப்பும் நிலையம் ஒன்று 1952 முதல் இயங்குகிறது. கப்பல் எந்த நாட்டுக் கொடியைத் தாங்கி வருகிறதோ அந்த நாட்டின் தேசிய கீதத்தை ஒலிபெருக்கியில் இசைக்கிறார்கள். நம் தேசிய கீதத்துக்கும் இந்நகரத்துக்கும் வேறொரு வகையிலும் சம்பந்தம் உண்டு. 1942 செப்டம்பர் 11-ஆம் தேதி, சுபாஷ் சந்திர போஸ் முன்னிலையில் ஜெர்மன் இந்தியச் சங்கம் இங்கே தொடங்கப்பட்டபோது, ‘ஜன கண மன’ வாத்தியக் குழுவினரால் வாசிக்கப்பட்டது. அது நம் தேசிய கீதமாக ஏற்கப்படுவதற்கு அப்போது இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் இருந்தன.

செல்ல எண்ணுவோர்க்குச் சில வார்த்தைகள். பெரும்பாலான படகுகளில் வழிகாட்டி பேசுவது ஜெர்மன் மொழியிலேயே. ஆங்கிலத்தில் சொல்லும் பயணங்கள் எந்த நேரத்தில் புறப்படும் என்பதை முதல்நாளே விசாரித்துவைப்பது நல்லது. கிட்டங்கிக் கால்வாய்களுக்குள் போகும் படகு கடல் ஏற்றத்தைப் பொறுத்தே ஓடுமாதலால், சீட்டு வாங்குமுன் உள்ளே போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோடையிலும் ஆற்றுக்காற்று குளிரும். கம்பளிச் சட்டை ஒன்று கையில் இருக்கட்டும். செலவுக்கு அஞ்சுகிறவர்கள், நகரப் பேருந்துக்கு வாங்கும் அதே சீட்டில் 62-ஆம் எண் படகில் ஏறி ஃபின்கன்வெர்டர் வரையில் போய்வந்தால், வழிகாட்டி இல்லாவிட்டாலும் துறைமுகத்தின் முகப்பையாவது பார்த்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் பிறகு, லாண்டுங்ஸ்ப்ரூக்கனின் பக்கத்திலேயே உள்ள பழைய எல்பே சுரங்கத்தில் இறங்கி நடந்து அக்கரைக்குப் போய் வாருங்கள். ஆற்றுக்கு அடியில் 24 மீட்டர் ஆழத்தில், 426 மீட்டர் நீளத்துக்கு, இரண்டு குழாய்களாக அமைந்த அந்தச் சுரங்கம் 1911-இல் திறக்கப்பட்டது. எதிர்க்கரைத் தளங்களுக்குத் தொழிலாளர்கள் நேரத்தில் போய்ச் சேரவேண்டும் என்பதே அதன் நோக்கம். அழுத்திய காற்றுக்குள் இருந்து மண்ணைத் தோண்டியவர்களில் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள். உயிர் இழந்தவரும் உண்டு. பளபளக்கும் ஓடு பதித்த சுவர்களில் மீனும் நண்டுமாகச் சிற்பங்களை வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவன் நாள்தோறும் நடக்கும் வழியையும் அழகாக அமைக்கவேண்டும் என்று நினைத்த காலம் அது. நடந்து செல்பவரிடமும் மிதிவண்டியில் செல்பவரிடமும் இன்றும் அங்கே கட்டணம் வாங்குவதில்லை. ஒரே ஒரு நாள்தான் ஹாம்பர்க்கில் தங்க முடியும் என்பவர்கள், பெரிய கப்பலையும் கடைத்தெருவையும் விட்டுவிட்டுக் காலையில் சிறு படகிலும், பகலில் மாற்றுச் சுற்றுலாவிலும், மாலையில் இந்தச் சுரங்கத்திலும் பொழுதைக் கழிப்பார்களானால், அந்த நாள் வீண்போகாது.